சுண்ணாம்புச் சத்து

பிப்ரவரி 4

தீவனக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஒரு மாதமாக டிவி மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோழி வளர்ப்புக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய யோசனை, கூண்டுக்கு அடியில் ஈரம் சேரவிடக் கூடாதாம். சரி, விடவில்லை.

இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர் யுவராஜ், அவருடைய அப்பா பொங்கியண்ணன். அத்தை நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று பேருக்கு எட்டாயிரம் கோழிகள். நாமக்கல் பக்கத்தில் இதைச் சின்னப் பண்ணை என்பார்கள். முட்டை எடுப்பது, அட்டையில் அடுக்குவது, வண்டிக்கு ஏற்றுவது, இதற்கு நடுவில் சமையல். எனக்கு இந்த வேலை பிடிக்கும். கோழிகள் எதிர்த்துப் பேசாது.

எனக்கு இது மூன்றாவது மாதம். எழுதிவிட்டேன். அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. என் அம்மாவுக்குக்கூட ஐந்து முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11

மூன்றாவது ஷெட்டில் தோல் முட்டை நிறைய. ஓடே கட்டாமல் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. மாமா சாயங்காலம் தீவனத்தின் மேல் கிளிஞ்சல் தூளை அள்ளித் தூவினார். ஓடு மெலிந்தால் கிளிஞ்சல், கோழி கால் விழுந்து உட்கார்ந்துவிட்டால் கிளிஞ்சல். அவருடைய வைத்தியம் அவ்வளவுதான். பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது.

பலிக்காத கோழியை, முட்டையே விடாத கோழியை அவர் என்ன செய்வார் என்பதும் எனக்குத் தெரியும். கறிக் கடைக்காரர் செவ்வாய்க்கிழமை வருவார். இது சும்மா எழுதினேன்.

பிப்ரவரி 19

தண்ணீர் குடித்து மாளவில்லை. ஷெட்டுக்குப் போகும்போது சொம்பு, திரும்பும்போது சொம்பு. குடித்ததெல்லாம் உடனே இறங்கிவிடுகிறது, பாத்ரூமுக்கும் ஷெட்டுக்கும் நடையாய் நடக்கிறேன்.

"ஏன் அம்மிணி, உள்ளுக்குள்ள எங்காச்சும் ஓட்டை கீது விழுந்துருச்சா?" என்றார் மாமா.

"வெயிலுங்க மாமா."

"மாசி வெயிலுக்கேவா. அப்ப சித்திரையில உனக்குத் தனியா ஒரு போர் போடோணுமாட்ட இருக்குது."

சிரித்தேன். சிரித்தால் முதுகு வலிக்கிறது.

பிப்ரவரி 27

வாந்தி. வேறொன்றும் விசேஷமில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 6

ஊர் ஆஸ்பத்திரியில் மாதாந்திரப் பரிசோதனை. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை ஸ்பீக்கரில் கேட்க வைத்தார்கள். யாரோ குதிரையில் எங்கேயோ அவசரமாகப் போகிற சத்தம். யுவராஜ் போனில் பதிவு செய்துகொண்டார். வண்டியில் வரும்போது மூன்று முறை போட்டுக் காட்டினார், அப்புறம் முட்டை வியாபாரி கூப்பிட்டுவிட்டார்.

தொந்தரவு ஏதாவது உண்டா என்று நர்ஸ் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். தாகம், மலச்சிக்கல், அசதி, மறதி எல்லாம் இந்தச் சமயத்தில் யாருக்கும் இருப்பதுதானே. அதையும் மீறி வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் படுக்க வைப்பார்கள். படுக்க வைத்த இரண்டு தடவையும் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் நடந்துகொண்டே இருக்கப் போகிறேன்.

மார்ச் 13

மாட்டிக்கொண்டேன். முட்டை எடுக்கும்போது கால் எலும்பெல்லாம் குடைந்தது. தீவன மூட்டை மேல் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. மாமா எதிரில் வந்து நின்று, கழுத்தைச் சாய்த்து, கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். கூண்டுக்கு முன்னால் நின்று அப்படித்தான் பார்ப்பார்.

"கால் விழுந்துருச்சு," என்றார்.

"மாமா, நான் கோழியில்லீங்க."

"எல்லா உசிருக்கும் ஒரே கணக்குத்தான். வயித்துல இருக்கறது உன்ற எலும்புல இருக்கற சுண்ணாம்புச் சத்தையெல்லாம் உருவிட்டு இருக்குது. நாம போட்டு ஈடு கட்டோணும்."

சாயங்காலமே டவுனுக்குப் போய் கால்சியம் மாத்திரை டப்பா வாங்கி வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒன்று, இவர் கணக்கில் இரண்டு. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் பிரண்டைத் துவையல், ராத்திரி பெரிய டம்ளர் நிறையப் பால். அவரே அம்மியில் அரைத்தார், பிரண்டை பட்டுக் கையெல்லாம் அரிப்பு. சொரிந்துகொண்டே எனக்குப் பரிமாறினார். யாரும் என்னை இப்படிக் கவனித்ததில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 17

தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. யுவராஜ் ஆள் கூட்டி வந்து சரி செய்தார்.

மார்ச் 18

தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. ஆள் கூட்டி வந்து சரி செய்தார் யுவராஜ். எழுதி முடித்து மேலே பார்த்தால் நேற்றும் இதையே எழுதியிருக்கிறேன். நின்றது ஒரு தடவைதானாம், கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மாத்திரை, பால், கூழ் எல்லாம் தவறாமல் நடக்கிறது.

மார்ச் 25, கோயம்புத்தூர்

இது ஆஸ்பத்திரி. யுவராஜிடம் சொல்லி டைரியை எடுத்துவரச் சொன்னேன். கையில் ஊசி இருப்பதால் எழுத்து கோழி கிளறியது போல வருகிறது.

நடந்ததை அவர்தான் சொன்னார். தீவன அறையில் கீழே சாய்ந்து கிடந்தேனாம். எழுப்பினால், வியாபாரி வந்துவிட்டார், அட்டையை இறக்கு என்று ஏற்கெனவே இறக்கி வைத்த அட்டைகளைக் காட்டிச் சொன்னேனாம். முட்டை வண்டியிலேயே என்னை ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ரத்தம் எடுத்தவர் கால்சியம் அளவைப் பார்த்து, மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி எடுத்தாராம். பத்துக்குள் இருக்க வேண்டியது பதினாலுக்கு வந்திருக்கிறது. உடனே இங்கே அனுப்பிவிட்டார்கள்.

இங்கே என்னைப் பார்ப்பவர் டாக்டர் மெஹருன்னிசா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதைத் தேடுகிறவர். பிடித்துவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் ரத்தத்தில் கால்சியம் இப்படி ஏறி நின்றால் அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து, எதை எதைச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்றிருந்த மாமா சொல்ல ஆரம்பித்தார். மாத்திரை, கூழ், பிரண்டை, பால். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் எழுதிக்கொண்டார். "இனிமே அதெல்லாம் வேண்டாம் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 28

சலைன் ஏற்றுகிறார்கள், ஏற்றுகிறார்கள், ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தலை தெளிந்திருக்கிறது. இதுவரை மறைத்ததையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வாந்தி, முதுகுவலி, எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பரவாயில்லம்மா, இப்பச் சொன்னீங்களே" என்றார்.

மாமா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேன்டீனில் இட்லி வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாராம். என் கட்டிலுக்குப் பக்கத்தில் வருவதில்லை. வாசலில் நின்று, "எப்படி இருக்குது அம்மிணி" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். காப்பியில்கூட ஒரு சொட்டுப் பால் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்.

யுவராஜும் அவரிடம் பேசுவதில்லை. "அப்பாவுக்கு ஆரு சொன்னது டாக்டர் வேலை பார்க்கச் சொல்லி" என்று என்னிடம் முணுமுணுத்தார். நான்தானே வாங்கி வாங்கி விழுங்கினேன் என்றேன்.

ஏப்ரல் 3

எல்லாவற்றையும் நிறுத்தியும் கால்சியம் பதிமூன்றுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. டாக்டர் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் கழுத்தில் ஒரு ஸ்கேனும் எடுத்தார். இன்று எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து விளக்கினார்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நாலு குட்டிச் சுரப்பிகள் எல்லோருக்கும் உண்டாம். பச்சைப்பயறு அளவு. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. எனக்கு அதில் ஒன்றில் கட்டி. பேரீச்சங்கொட்டை அளவு வளர்ந்து, போதும் என்று யாரும் சொல்லாமல், எலும்பிலிருந்து உருவி உருவி ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்றார். சில வருஷமாகவே இருந்திருக்கும்.

"மாத்திரையும் பாலும் கொஞ்சம் கூட்டி விட்டிருக்கும். ஆனா காரணம் அது இல்ல. நீங்க ஒண்ணுமே கொடுக்கலைன்னாலும் இங்கதான் வந்திருப்பாங்க."

மாமா நிமிர்ந்தார். "அப்ப நானில்லீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"நானில்லீங்களா?"

"இல்லைங்க."

"கட்டிதானுங்களா?"

"ஆமாங்க, கட்டிதான்."

"ரொம்ப சந்தோஷமுங்க," என்றார் மாமா, கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் வாழ்நாளில் அப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்க மாட்டார். யுவராஜ் அப்பாவின் தோளில் கை வைத்தார். மாமா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், எங்கள் வார்டில் துணைக்கு இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "மருமகளுக்குக் கட்டிங்க" என்றாராம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர்கள் வெளியே போன பிறகு டாக்டர் என்னிடம், இதற்கு முன்னால் போன இரண்டைப் பற்றிக் கேட்டார். எத்தனை மாதத்தில் என்று கேட்டார், சொன்னேன். அதுவும் இந்தக் கட்டியால் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் உடம்பில் வேறு குறை எதுவும் தெரியவில்லை என்றார்.

இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

ஏப்ரல் 8

கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார்கள். கழுத்தில் சின்ன வெட்டு. ஐந்தாவது மாதம்தான் அதற்குச் சரியான சமயமாம். முன்னாலும் கூடாது, ரொம்பப் பின்னாலும் கூடாது. எடுக்காமல் பிரசவம் வரை ஓட்டினால் குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விடும் ஆபத்து அதிகம், பிறந்தாலும் அதற்கு வலிப்பு வரலாம். எடுத்தால் மயக்க மருந்தால் ஒரு ஆபத்து உண்டு, ஆனால் குறைவு.

யுவராஜுக்குக் குறைவு என்பதும் ஆபத்து என்பதும் தனித்தனியாகக் காதில் விழவில்லை. "வயித்துல புள்ளைய வெச்சுட்டு கழுத்துல கத்தி வெக்கறதா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். எனக்குக் கோபமில்லை. இரண்டு தடவை துணி சுற்றிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனது அவர்தான்.

நான் எடுத்துவிடலாம் என்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. எப்போதும் இருந்தது.

"அப்பா போய் பூ கேட்டுட்டு வரட்டும்," என்றார் யுவராஜ் கடைசியில். "அம்மன் என்ன சொல்றாளோ அதுப்படி."

ஏப்ரல் 10

பூ கேட்பது எங்கள் வீட்டில் புதிதில்லை. குலதெய்வக் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் செய்யாதே. மாமா பூ கேட்காமல் ஒரு கோழிக்குஞ்சு இறக்கியதில்லை. யுவராஜுக்கு என்னைக் கட்டியதுகூடப் பூ கேட்டுத்தான். போன வருஷம் புது ஷெட் போடப் பணம், செங்கல் எல்லாம் தயாராக இருந்தும் சிவப்பு வந்ததால் நிறுத்திவிட்டார். செங்கல் இன்னும் புறக்கடையில் கிடக்கிறது. அவள் பேச்சை அவர் மீறமாட்டார்.

விடியற்காலை பஸ்ஸில் போனார். நாள் முழுவதும் நானும் யுவராஜும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்த ஆரஞ்சை உரித்து வைத்துவிட்டுத் தின்ன மறந்துபோனோம்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார். நெற்றியில் திருநீறு.

"வெள்ளை," என்றார். "வெள்ளைதான். கையெழுத்துப் போடு."

யுவராஜ் எழுந்து போய்ப் போட்டார்.

ஏப்ரல் 16

நாளைக்கு. தலைக்குக் குளித்தேன். யுவராஜ் குதிரைச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்.

ஏப்ரல் 19

இருக்கிறேன். இருக்கிறோம். மயக்கம் தெளிந்ததும் முதலில் நான் கேட்டது குழந்தையைத்தான், குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. ஆனாலும் டாக்டர் மெஹருன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. கருவியை வயிற்றில் வைத்தார். ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுததில் கழுத்துத் தையல் இழுத்தது, நர்ஸ் அதட்டினாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கட்டி போனதும் எலும்பெல்லாம் இழந்ததை வாங்கிக்கொள்ள அலைகிறதாம். ரத்தத்தில் கால்சியம் சடசடவென்று இறங்கிவிட்டது. விரல் நுனியும் உதடும் மரத்து எறும்பு ஊர்ந்தது. மாத்திரை கொடுங்கள் என்று உத்தரவு. ஒன்றிரண்டு அல்ல, கை நிறைய.

"கால்சியம் மாத்திரையுங்களா?" என்றார் மாமா.

"ஆமா ஐயா. பாலும் கொடுங்க."

"பாலுமுங்களா?" மாமா யுவராஜைப் பார்த்தார், யுவராஜ் என்னைப் பார்த்தார். மாமா அதைத் தன் கையால் கொடுக்கவே இல்லை. நர்ஸ் வந்து கொடுக்கும் வரை மாத்திரையைத் தள்ளி வைத்துக்கொண்டு காவல் இருந்தார்.

மே 4

வீட்டுக்கு வந்தாயிற்று. தாகம் இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் மதியம் வரை வருகிறது. முதுகுவலி போய்விட்டது. ஷெட்டில் நின்று கோழிகளிடம் கொஞ்ச நேரம் பேசினேன். சௌக்கியமாம். அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் திட்டினாள், அப்புறம் அழுதாள், அப்புறம் பூண்டு ஊறுகாய் அனுப்பட்டுமா என்றாள்.

மே 12

யுவராஜ் அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தார். முகமே சரியில்லை. அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னார்.

"அப்பா பூ கேக்கவே இல்லியாமா. பூசாரி சொல்றாரு. பூவை வாங்கிக் கட்டி, காலடி வரைக்கும் கொண்டு போயிட்டு, அப்படியே நின்னுட்டு இருந்தாராமா. பொறவு ரெண்டு பொட்டலத்தையும் மடியில கட்டிட்டுத் திரும்பிட்டாராமா."

மாமா தொட்டியில் தீவனம் கலந்துகொண்டிருந்தார். நான்தான் போனேன். யுவராஜ் போயிருந்தால் சண்டையாகியிருக்கும்.

"மாமா, பூ கேக்கலீங்களாமா."

அவர் கையை எடுக்காமலே கலந்தார். "கேட்டா அவ சொல்லிப்புடுவா அம்மிணி."

"அதுக்குத்தானுங்களே போனீங்க."

"சிவப்புன்னு சொல்லிப்புட்டா? அப்பவும் உன்னைய ஆபரேசனுக்கு அனுப்பித்தான் இருப்பேன். அதுக்கு அவகிட்டக் கேட்டுட்டு மீறுறது அவளுக்கு அவமானம். கேக்காமயே வந்தா எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்."

கிளிஞ்சல் தூளை ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார். "ஷெட்டு போனா போவுது. நீ போனா நான் என்ன பண்ணுவேன்."

இந்த மனிதரைப் பற்றி நான் இந்த டைரியில் பிப்ரவரியில் கறிக் கடைக்காரர், செவ்வாய்க்கிழமை என்று என்னவோ எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. அப்படி நினைத்தவள் நான்தான். யுவராஜிடம், பூசாரிக்கு வயசாகிவிட்டது, மறந்திருப்பார் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் சரி என்றார்.

ஜூன் 20

ஏழாவது மாதம். கால்சியம் ஒன்பது. கழுத்துத் தழும்பு சங்கிலிக்கு அடியில் மறைந்துவிடுகிறது. முட்டை விலை ஏறியிருக்கிறது.

ஜூலை 9

வளைகாப்பு. ஐந்து முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லியாயிற்று. கை நிறையக் கண்ணாடி வளையலோடு முட்டை எடுக்கப் போனால் கோழிகள் மிரள்கின்றன. மாமா என்னை ஷெட்டுக்குள் விடுவதில்லை. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஆகஸ்ட் 22, கோயம்புத்தூர்

பெண். நேற்றுக் காலையில் பிறந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அவளுக்குக் கால்சியம் சரியாக இருக்கிறது. வலிப்பு எதுவும் இல்லை. குரல் மட்டும் கொஞ்சம் அதிகம். டாக்டர் மெஹருன்னிசா அவளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார், தலைமேல்தான் இருந்தது.

யுவராஜுக்குத் தூக்கத் தெரியவில்லை. முட்டை அட்டையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் நீட்டியே வைத்திருக்கிறார். மாமாதான் சொல்லிக் கொடுத்தார். பிறகு தானே வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அவளுடைய கால் எலும்பைக் கட்டை விரலால் மெல்ல நீவிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். பேத்தியா என்று விசாரித்துவிட்டு, "தலைச்சன் புள்ளைங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். எங்கள் வீட்டில் அந்த இரண்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. யுவராஜ் பேசமாட்டார், நான் இந்த டைரியில்கூட நேராக எழுதியதில்லை. மாமாவுக்கு நினைவே இருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மாமா குழந்தையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லீங்க," என்றார். "இவ மூணாவது. இவளுக்கு மூத்தவங்க ரெண்டு பேரு இருந்தாங்க."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. பிறகு அவளுக்குப் பசி வந்துவிட்டது, மாமா அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விட்டார்.